ஐந்தாவது டிராக்கில் ஓர் ஒப்பாரி

யாமினியின் அப்பா தாஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வரும் காலை ரயிலில் பரவியபோது, தாஸ் அதே ரயிலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார். செய்தி முன்பெட்டியில், தாஸ் பின்பெட்டியில். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றது. முன்பெட்டியில் இருந்த அவருடைய பழைய சிநேகிதர் சீனு கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். "நான் திரும்பிப் போறேம்பா. இன்னிக்கு எவன் வேலைக்குப் போவான்? தாஸு பூட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே பிளாட்பாரத்தில் நடந்தவர், பின்பெட்டி ஜன்னலில் தாஸின் தலையைப் பார்த்தார்.

"டேய்! இன்னாடா நீ இங்க கீற?"

"நான் வேற எங்க இருக்கணும்? தள்ளு, வெளிச்சத்த மறைக்காத" என்றார் தாஸ்.

சீனு போனைக் காட்டினார். அதில் தாஸின் கறுப்பு வெள்ளைப் படம். படத்துக்குப் பின்னால் டப், டப், டப் என்று ஒரே சீரான இயந்திரத் தாளம். அதன்மேல் ஒரு பெண்குரல் நெஞ்சு வெடிக்க அழுதுகொண்டிருந்தது.

தங்கம் வெளஞ்ச பூமியில
தவங் கெடந்த தாசய்யா
வெளக்கு ஏந்திப் போனவரே – எங்கள
இருட்டுல விட்டீரே

தாஸ் ஒருமுறை கேட்டார். இன்னொரு முறையும் போடச் சொன்னார். "நல்லாத்தான் அழுவுறா" என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"யார்ரா இத்த போட்டது?"

போட்டது அவர் மகளின் பேண்டு.

இந்தக் கூத்துக்குக் காரணம் விதியும் அல்ல, யார் செய்த பாவமும் அல்ல. காரணம் மினிமல் டெக்னோ. டெக்னோ என்றால் மின்கருவிகளில் செய்யும் ஆட்ட இசை. அதிலிருந்து பாட்டு, மெட்டு, அழுகை, சிரிப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் அது மினிமல் டெக்னோ. ஒரு அடி, அதற்கு மேல் ஒரு சின்னச் சலசலப்பு, எங்கோ ஒரு ஒலி. அந்த ஒலி எட்டு நிமிடம் போகும். போகும்போது யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். கேட்கிறவர் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தால் சுகம். கண்டுபிடிக்காவிட்டால் மோட்டார் ஓடுவது போல இருக்கும். இதில் யாருடைய துக்கத்துக்கும் இடமில்லை. யாமினிக்கு அதனால்தான் அது பிடித்தது.

யாமினிக்கு முப்பத்திரண்டு வயது. கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டையில் பிறந்தவள். அப்பா வழியில் மூன்று தலைமுறையாக பௌத்தர்கள்; அம்மா ரோஸி கிறிஸ்தவர். வீட்டில் ஒரே ஆணியில் புத்தர் படமும் ஏசு படமும் மாறி மாறித் தொங்கும், எந்தப் பக்கத்து உறவினர் வருகிறார் என்பதைப் பொறுத்து. யாமினி இரண்டையும் தூசு தட்டி வைப்பாள். இரண்டையும் கும்பிட மாட்டாள்.

தாஸ் சுரங்கத்தில் விளக்கு அறையில் வேலை பார்த்தவர். கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கைச் சார்ஜ் போட்டுக் கொடுக்க வேண்டும். அவர்கள் மேலே வந்ததும் வாங்கி மாட்ட வேண்டும். அவர் பூமிக்குள் இறங்கியது மொத்தம் இரண்டு தடவை. இரண்டும் வேடிக்கை பார்க்க. சுரங்கத்தை இழுத்து மூடியபோது யாமினி மூன்றாம் வகுப்பு. அடுத்த மாதமே தாஸ் ரயிலேறி, ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். இன்றுவரை அந்த ரயில்தான். மகளை ஆடியோமெட்ரி படிக்க வைத்தார். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற படிப்பு அது.

ஃப்ரேசர் டவுனில் ஒரு காது கிளினிக்கில் அவளுக்கு வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, ஒரு பீப் ஒலியைக் குறைத்துக்கொண்டே போவாள். "கேட்குதா? கேட்டா பட்டன அமுக்குங்க." அந்த ஒலி காணாமல் போகிற விளிம்பில் மனிதர்களின் முகம் எப்படிக் கூர்மையாகிறது என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த விளிம்பில் ஒரு இசை இருக்கிறது என்று தோன்றியதில் வியப்பில்லை.

அந்த இசைக்கு ஒரு பெயர் உண்டு என்று சொன்னவன் லாயிட். ரிச்சர்ட்ஸ் டவுன்காரன். தேவாலயத்தில் டிரம்ஸ் வாசித்து வாசித்துக் காதில் இரைச்சல் வந்து சோதனைக்கு வந்தவன். தாத்தா காலத்து வீட்டின் பின்கட்டில் ஒரு அறையும் அது நிறையக் கருவிகளும் வைத்திருந்தான். சேலத்திலிருந்து வந்து மென்பொருள் கம்பெனியில் வேலை செய்யும் கேசவ் மூன்றாவது ஆள். நல்ல காது, அதைவிட நல்ல வாய். யாரிடம் எப்படிப் பேச வேண்டும், இணையத்தில் எங்கே எதை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. பேண்டுக்கு, மின்வெட்டுக்கு மின்வாரியம் சொல்லும் 'லோடு ஷெட்டிங்' என்ற பெயரை வைத்தார்கள்.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உழைத்து ஏழு டிராக் செய்தார்கள். தொகுப்புக்கு 'கேட்குதா' என்று பெயர். ஐந்தாவது டிராக் முழுக்க யாமினி செய்தது. மற்ற இருவரும் அதில் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. எட்டு நிமிடம். ஒரு அடி, ஒரு பீப். அந்த பீப் மறைந்துபோகும் இடத்தை அவள் எத்தனையோ முறை மாற்றி மாற்றிச் செதுக்கினாள். அதை அப்படியே, ஒன்றும் கூட்டாமல் வெளியிட வேண்டும். வாழ்க்கையில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

கேசவ் தொகுப்பை ஜெர்மனியில் ஒரு சிறிய இசை நிறுவனத்துக்கு, அவர்கள் பேச்சில் 'லேபிளுக்கு', அனுப்பினான். அங்கிருந்து வீடியோவில் பேசிய மனிதர் நல்லவர்தான். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இப்படி ஆயிரம் பேர் செய்கிறார்கள், உங்கள் கதை என்ன என்று கேட்டார். யாமினி எந்த ஊர் என்றார். லாயிட் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டான். தங்கச் சுரங்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து யாமினிக்குச் சனி பிடித்தது என்று அவள் சித்தி சொல்வாள். சனி அல்ல, கேசவ்.

"யாமினி, நீ புரிஞ்சுக்கணும். இதுதான் நம்ம யுஎஸ்பி, மத்தவங்ககிட்ட இல்லாத நம்ம ஸ்பெஷல். உங்க தாத்தா, பாட்டன் எல்லாம் பூமிக்கு அடியில சுத்தியல்ல அடிச்ச அந்த பீட்டுதான் உன் ரத்தத்துல இருக்கு."

"எங்க தாத்தா சுரங்கத்து ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். மருந்து கலக்கினாரு."

"சரி, பெரிய தாத்தா?"

"ஆபீசர் கிளப்ல பில்லியர்ட்ஸ் மேசையத் தொடச்சாரு. அந்தச் சத்தம் வேணுமா? டொக்குனு ஒண்ணு வரும், அப்புறம் எவனாவது சியர்ஸ்னு சொல்லுவான்."

லாயிட் சிரித்தான். கேசவ் சிரிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு தங்கவயலுக்கே போனான். அங்கே சுரங்கக் கழிவு மலைபோலக் குவிந்த சயனைடு மேட்டில் யாமினியை நிற்கவைத்துப் படம் எடுத்தான். அந்தத் தூசு ஆகாது என்று ஊரில் குழந்தைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை, சினிமாக்காரர்கள்தான் வருவார்கள். "கொஞ்சம் சோகமா பாரு" என்றான். "எனக்கு இருமல் வருது, அதையே வச்சுக்கோ" என்றாள் யாமினி. வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றிருந்த தாஸையும் படம் எடுத்தான். நெற்றியைச் சுளித்துக்கொண்டு நின்றார் தாஸ். வெயில் கண்ணில் அடித்தது, அதனால்.

சுரங்கத்து மக்களின் துயரம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. நுரையீரலில் கல்தூசு படிந்து மூச்சுக்குத் தவித்துச் செத்தவர்கள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. பத்துக்குப் பத்து வீடு, வரிசைக்கு ஒரு கழிப்பறை. மூடிய பிறகு அந்த வீட்டுக்குப் பட்டா கேட்டு ஓயாமல் நடக்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்க ஒரு காதும் திறப்பதில்லை. ஒரு மக்களின் துயரத்துக்கு மெட்டுப் போட்டால் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். அதே மக்கள் மனுவோடு வந்தால் வாசலில் நிறுத்துகிறார்கள். இதைவிடக் கயமை வேறு என்ன இருக்கிறது? இதற்கெல்லாம் நடுவில், அந்த மக்களின் மகள் ஒருத்தி துயரத்தைப் பற்றி அல்லாமல் ஒலியைப் பற்றி யோசித்தால், அவளுக்கு அந்த உரிமை இல்லையாம். அவள் அழ வேண்டுமாம். அவள் அழாவிட்டால் அவளுக்காக அழ ஆள் பிடிப்பார்களாம்.

கேசவ் ஆள் பிடித்தான். யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீராம்புரத்துக்குப் போய், சாவு வீடுகளில் ஒப்பாரி பாடும் முத்தம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தான். சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு ஒப்பாரி வேண்டும் என்றான். முத்தம்மா எல்லோரையும் கேட்பதைத்தான் அவனையும் கேட்டாள். செத்தவர் பேர் என்ன, ஊர் என்ன, என்ன வேலை, எத்தனை பிள்ளை? பேர் இல்லாமல் ஒப்பாரி கிடையாது. ஒரு பேரைச் சொல்லி அழைத்தால்தான் அது அழுகை. இல்லாவிட்டால் வெறும் பாட்டு. கேசவுக்குத் தெரிந்த தங்கவயல் ஆண்மகன் ஒரே ஒருவர்தான். தாஸ், மாரிக்குப்பம் பக்கம், விளக்கு அறை, ஒரே மகள் என்று சொல்லிவிட்டான். முத்தம்மா அழுதாள். அதைப் பதிவு செய்து, யாமினியின் ஐந்தாவது டிராக்கின் மேல் ஒட்டினான். அதில் ஒரு நிமிடத்தை வெட்டி, தாஸின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளியீட்டுக்கு முன்னோட்டம் என்று வியாழக்கிழமை சாயங்காலம் ஏற்றினான்.

கறுப்பு வெள்ளைப் படம், பேர், ஊர், ஒப்பாரி. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு, தெருவுக்குத் தெரு ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இது பார்க்கிறவர்கள் கண்ணுக்கு எப்படிப் படும் என்று தோன்றவே இல்லையாம். கலை என்று நினைத்தானாம்.

வெள்ளிக்கிழமை தாஸின் வீட்டுக்குக் கூட்டம் வந்துவிட்டது. ரோஸி கதவைத் திறந்தால் வாசலில் ஒரு ரோஜா மாலை, அதற்குப் பின்னால் அவள் அண்ணன் கிறிஸ்டோபர். "தைரியமா இரும்மா" என்று அவள் தலையில் கை வைத்தான். "எதுக்கு?" என்றாள் ரோஸி. தாஸின் சித்தப்பா மகள் அன்னம்மாள் தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். ஓசூரிலிருந்து ஒரு வேன். அதில் வந்தவர்களுக்குத் தாஸ் உயிரோடு இருக்கிறார் என்றதும் முதலில் மகிழ்ச்சி, அப்புறம் எரிச்சல்.

"நாங்க லீவு சொல்லிட்டு வந்துட்டோம். சாவுக்குன்னு சொல்லி வாங்குன லீவு. இப்ப இன்னா சொல்றது?"

"நான் வேணா அவர செத்துடச் சொல்றேன்" என்றாள் ரோஸி. பிறகு உள்ளே போய் அத்தனை பேருக்கும் டீ போட்டாள்.

யாமினிக்குக் கிளினிக்கில் போன் ஓயவில்லை. அன்னம்மாள் அத்தை, உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைத்தால் ஆயுசு குறையும், பூசணிக்காய் உடை என்றாள். மாமா கிறிஸ்டோபர், பாஸ்டரை வைத்து ஒரு ஜெபம் போடலாம் என்றார். "எதையும் ஒடைக்க வேணாம், எதையும் போட வேணாம். எங்க நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்று இருவரிடமும் கத்திவிட்டு, அன்று சாயங்காலமே ரிச்சர்ட்ஸ் டவுன் பின்கட்டு அறைக்குப் போனாள்.

கேசவ் அந்த நேரத்திலும் உற்சாகமாக இருந்தான்.

"யாமினி, சாரி, அந்த நேம் விஷயம் கொஞ்சம் மிஸ் ஆயிடுச்சு. ஆனா ரெஸ்பான்ஸ் பார்த்தியா? லேபிள்காரர் கேட்டுட்டு அழுதுட்டாராம். ஆல்பத்துக்கே 'ஆழம்'னு பேர் மாத்தலாங்கறார்."

"எடு அத."

"கேளு..."

"என் டிராக்குமேல இருந்து அத எடு."

"நீதானே பெரிய ரேஷனலிஸ்ட்டு? பேர் சொல்லி அழுதா ஆள் செத்துடுவாங்களா? உங்க அத்த மாதிரி நீயும் பேசறியே!"

யாமினி பையைக் கீழே வைத்தாள். "செத்துட மாட்டாரு. எனக்கு அது தெரியும். அதுவா விஷயம்? நான் ரெண்டு வருஷம் ஒக்காந்து ஒரு சத்தத்த செதுக்கிக் குடுத்தேன். நீ அத எடுத்து எங்கப்பன் பொணத்துக்கு மேளமாக்கிட்ட. நாங்க செத்தாதான் உங்களுக்குக் காது கேக்குமா? உயிரோட ஒருத்தி ஒரு பீட்டு போட்டா கேக்காதா?"

லாயிட் நடுவில் புகுந்தான். "சண்ட வேணாம் மேன், ப்ளீஸ். ஒரு வே இருக்கு. நேம் மட்டும் மாத்திடலாம். ஒரு இமேஜினரி நேம். யாமினியோட ஃபாதருக்கும் பிராப்ளம் இல்ல, லேபிளும் ஹேப்பி."

யாமினிக்கு அது வேண்டாம். ஆனால் தொகுப்பை ஏற்றுகிற கணக்கும் கடவுச்சொல்லும் கேசவ் கையில். வெளியீடு அடுத்த வெள்ளி. அந்தக் குரலை எடுத்தால் ஜெர்மன்காரர் விலகுவார், எல்லாம் போச்சு என்று அவன் பிடித்த பிடியில் நின்றான். கடைசியில் அவள் சொன்னாள்: "சரி, அந்த அம்மாகிட்ட போலாம். நானும் வரேன்."

சனிக்கிழமை பிற்பகல் ஸ்ரீராம்புரத்தில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில், முத்தம்மாவின் வீடு. மாநகராட்சித் துப்புரவு வேலை முடிந்து வந்து, பச்சை மேல்சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, சாப்பிட்டு எழுந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கேசவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி. அந்தத் தாசய்யா வூட்டுல இப்ப எப்படிக் கீறாங்க? பாவம், ஒரே பொண்ணுன்னு சொன்னியே."

"நான்தான் அந்தப் பொண்ணு" என்றாள் யாமினி.

முத்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "மனசத் தேத்திக்கம்மா..."

"அக்கா, எங்க நைனா உயிரோட கீறாரு. ரயில்ல சீட்டாடினு கீறாரு."

கையை விட்டுவிட்டாள் முத்தம்மா. கேசவ் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"இன்னா தம்பி இது? உயிரோட கீறவருக்கா என்ன அழ வச்ச?"

"இல்லக்கா, அது ஒரு ஆர்ட்டுக்காக..."

"ஆர்ட்டா? நான் நெசமா அழுதேன்டா! ராத்திரி சோறு எறங்கல எனக்கு. எங்க வூட்டுக்காரரு பூட்டப்போ அழுததுல பாதிய ஒனக்கு அழுதேன். வெளக்கு குடுத்த மனுசன், பாவம்னு. த்தூ!"

கேசவ் மன்னிப்புக் கேட்டான். கேட்டுக்கொண்டே, பேரை மட்டும் மாற்றி இன்னொரு முறை பாடித்தர முடியுமா என்றும் கேட்டான். இந்தத் தடவை யாருமில்லாத ஒரு பேர், சும்மா ஒரு பேர்.

"இல்லாத ஆளுக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வராது, தம்பி. போய் சினிமாக்காரங்களப் பாரு."

எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள். யாமினி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"இல்லாத ஆளு எதுக்குக்கா? இருக்கிற ஆளுக்கே பாடுங்க. இவருக்குப் பாடுங்க."

"யாருக்கு?"

"இதோ, இவருக்கு. கேசவுக்கு. பேர் சொல்லி அழுதா ஒண்ணும் ஆவாதுன்னு இவருதான் சொன்னாரு. ரொம்பப் படிச்சவரு."

முத்தம்மாவின் வாயோரம் துடித்தது. "இன்னா தம்பி, பாடட்டா? தாசய்யாவுக்கு ஆவும்னா ஒனக்கு ஆவாதா?"

லாயிட் கூரையைப் பார்த்தான். கேசவுக்கு வேறு வழியில்லை. "பாடுங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்று போனை எடுத்து நடுவில் வைத்தான்.

"ஊரு?"

"சேலம்" என்றான் லாயிட், கேசவ் வாயைத் திறப்பதற்குள்.

"பெத்தவ பேரு?"

"சுப்புலக்ஷ்மி ஆன்ட்டி. ரொம்ப நல்லா மைசூர்பாகு பண்ணுவாங்க."

"கண்ணாலம் ஆச்சா?"

"பொண்ணு பாத்துட்டு இருக்காங்க."

முத்தம்மா புடவைத் தலைப்பை இழுத்து முகத்தில் ஒற்றினாள். சிரிப்பு போயிற்று. ஒரு மூச்சு இழுத்தாள். அந்தச் சின்ன வீட்டில் அத்தனை பெரிய குரல் எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை.

சேலத்து மாங்கனியே – என் கேசவா
செவ்வாழத் தண்டழகே
கம்ப்யூட்டர் தட்டுன கை – இன்னிக்கிக்
கட்டையில வேகுதேடா
மாப்பிள்ள ஆகுமுன்னே – என் ராசா
மண்ணெடுக்கப் போனியேடா
பெத்தவ சுப்புலக்ஷ்மி – உன்
பேரச் சொல்லிக் கூவுறாளே...

மூன்றாவது அடியிலேயே கேசவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் பேர் வந்ததும் எழுந்து நின்றான். "போதும்" என்றான். முத்தம்மா நிறுத்தவில்லை, ஒப்பாரியில் பாதியில் நிறுத்தும் வழக்கம் கிடையாது. சந்தில் போன இரண்டு பெண்கள் வாசலில் நின்று, "யாருக்கா பூட்டது?" என்று எட்டிப் பார்த்தார்கள். "தோ, நிக்கிறாரே, அவருதான்" என்றாள் யாமினி.

"நிறுத்துங்க!" என்று கத்தினான் கேசவ். போனை எடுத்த வேகத்தில் அது கைதவறிக் கீழே விழுந்தது.

முத்தம்மா நிறுத்தி, மூக்கைச் சிந்தினாள். "நல்லா வந்துச்சே. இன்னும் நாலு அடி இருந்துச்சு."

சந்தின் முனையில் டீக்கடையில் அவன் வாங்கிய டீயை அப்படியே வைத்தான். சற்றுத் தள்ளிப் போய் சேலத்துக்குப் போன் செய்தான். "சும்மாதாம்மா. சாப்டியா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்டேன்" என்று சொல்வது கேட்டது. திரும்பி வந்து, "எடுத்துடறேன்" என்றான். அவ்வளவுதான். பேரைச் சொன்னால் சாவு வந்துவிடும் என்பதால் அவன் நடுங்கவில்லை, தன் அம்மா அழுவதைக் காதால் கேட்டதால் நடுங்கினான் என்று நம்புவோம். ஆனால் அடுத்த வாரம் அவன் மணிக்கட்டில் மல்லேசுவரத்துக் கோயில் கயிறு ஒன்று புதிதாக முளைத்திருந்தது. மூடநம்பிக்கை என்பது மற்றவர்களுக்கு மட்டும் வருகிற நோய் அல்ல.

ஜெர்மன்காரர் மிக நாகரிகமாக விலகிக்கொண்டார். குரல் இல்லாமல் இதற்கு வேர் இல்லை என்று எழுதினார். வேர்! மரம் வளர்க்கிறவரிடம் கேட்க வேண்டியதை இசை செய்கிறவளிடம் கேட்டார். டிராக்கிலிருந்து எடுத்த ஒப்பாரியில் இருந்தது முத்தம்மாவின் குரல் என்பதால், அவள் பேர் போட்டு அதைத் தனியாக வெளியிடட்டுமா என்று யாமினி கேட்டாள். "எனக்கு எதுக்கும்மா அது? நாளைக்கு மாகடி ரோட்டுல ஒரு சாவு, அதுக்கே தொண்ட தாங்கணும்" என்றாள் முத்தம்மா. 'கேட்குதா' தொகுப்பை மூவரும் தாங்களே வெளியிட்டார்கள். பேரும் மாறவில்லை. ஐந்தாவது டிராக் எட்டு நிமிடம். ஒரு அடி, ஒரு பீப்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இந்திராநகரில் மாடியில் இருந்த ஒரு பீர் கடையில் வெளியீட்டு நிகழ்ச்சி. பெரிய கூட்டமில்லை. தாஸும் ரோஸியும் ரயிலில் வந்திருந்தார்கள். ஐந்தாவது டிராக் ஓடும்போது சிலர் பேச்சை நிறுத்தினார்கள், சிலர் பீர் வாங்கப் போனார்கள். கொஞ்சம் சுருக்கலாமா என்று கேசவ் சைகை காட்டினான். யாமினி அவனைப் பார்க்கவே இல்லை. மறைந்துகொண்டிருக்கும் அந்த ஒலியை மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக்கொண்டு நின்றாள். நடுவில் நாலைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டி, தேடினார்கள். அது போதும் அவளுக்கு.

நிகழ்ச்சி முடிந்ததும் தீபிகா என்ற நிருபர் தாஸிடம் வந்தார். ஏதோ இணைய இதழாம்.

"சார், உங்க மகளோட மியூசிக்ல அந்தச் சுரங்கத்து வலி கேக்குதா சார்?"

தாஸ் நிதானமாக யோசித்தார். "சுரங்கத்துல இந்த மாதிரி ஒரு சத்தம் வந்திருந்தா நாங்க எல்லாம் வெளிய ஓடியாந்திருப்போம்மா" என்றார்.

தீபிகா அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் வந்த கட்டுரையில் அது இல்லை. அதற்குப் பதிலாக, மகளின் இசையில் முன்னோர்களின் சுத்தியல் ஓசையைக் கேட்ட தந்தையின் கண்கள் கலங்கின என்று இருந்தது. "அது ஏசி காத்து மூஞ்சில அடிச்சுது" என்றாள் ரோஸி. யாமினி அந்த இதழுக்குப் போன் செய்தாள். எங்கப்பா அழவில்லை, சுத்தியலும் இல்லை, இரண்டையும் எடுங்கள் என்றாள். இதெல்லாம் ஒரு நல்ல உணர்வில் எழுதியதுதானே மேடம் என்றார்கள். நல்ல உணர்வு வேண்டாம், நடந்ததை எழுதுங்கள் என்றாள். இரண்டு நாள் இழுத்தடித்துத் திருத்தினார்கள். இப்போது அந்தக் கட்டுரையில் தந்தை பெருமிதத்துடன் புன்னகைத்தார் என்று இருக்கிறது.

அவர் புன்னகைக்கவும் இல்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் திருத்தச் சொல்லி யாமினி இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறாள்.